அணியம் வரை நாலு எட்டு

25 அடிப் பாய்ப்படகில் சுக்கான் பிடித்து உட்காரும் காக்பிட்டிலிருந்து, படகின் முன்முனையான அணியம் வரை நாலைந்து எட்டுதான். தனியாகக் கடலோடுகிறவருக்குப் படகிலேயே ஆபத்தான இடம் அது. அறுபது ஆண்டுகளில் பாய் கையாளுவதில் வந்த மாற்றங்களில் முக்கால்வாசி, அந்த நாலு எட்டை நடக்காமல் தப்பிக்கக் கண்ட வழிகள்தான்.

1960களில் முன்பாயின் ஓரத்தில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும். அணியத்திலிருந்து பாய்மரத்துக்கு மேலேறும் கம்பியில் அவற்றை மாட்டியிருப்பார்கள். காற்று வலுத்தால் பெரிய பாயை இறக்கிச் சின்னதை ஏற்ற வேண்டும். தனியாள் முதலில் சுக்கானைக் கட்டிவைப்பார். பாய்மரத்தடிக்குப் போய்க் கயிற்றைத் தளர்த்திவிட்டு, தவழ்ந்தபடியே அணியத்துக்குப் போவார். அணியம் அலையில் குத்தும்போதெல்லாம் தண்ணீர் தலைமேல் கொட்டும். படபடக்கும் பாயை மார்பால் அழுத்திக்கொண்டு, விறைத்த விரல்களால் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றுவார். ஈரப் பாயைப் பையில் திணித்து, சின்னப் பாயை மாட்டி, பாய்மரத்தடிக்கு வந்து ஏற்றி, காக்பிட்டுக்குத் திரும்பி இழுத்துக் கட்டுவார். காற்று தணிந்தால் அத்தனையும் மறுபடி.

1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இப்படித்தான் 312 நாள் ஓட்டினார். பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடி ‘சுஹைலி’யில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் ஆள் அவர். வழியில் தானாகத் திசை பிடிக்கும் கருவி உடைந்துபோனது. அதற்குப் பிறகு பாய்களின் இழுவையைச் சமன்செய்தே படகை நேராக ஓடவைத்தார். பாயை அவ்வளவு நெருக்கமாக அறிந்த கை இன்று அரிது.

ஆனால் அணியத்துக்குப் போகவே வேண்டாம் என்பதை 1960லேயே செய்துகாட்டியவர் பிளாண்டி ஹாஸ்லர். அவருடைய 25 அடி ‘ஜெஸ்டரில்’ முன்பாயே கிடையாது. சீன ஜங்க் படகுகளைப் போலக் குறுக்குச் சட்டங்கள் வைத்த ஒற்றைப் பாய். கயிறுகளெல்லாம் நடுவில் இருந்த திறப்புக்கே வந்து சேரும். அதில் இடுப்பளவு நின்றபடியே பாயை ஏற்றலாம், மடித்துக் குறைக்கலாம். அந்த ஆண்டு நடந்த அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தில் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். 40 நாளில் முதலில் வந்தவர் பிரான்சிஸ் சிச்செஸ்டர். ஹாஸ்லரின் எளிய வழியைப் பெரும்பாலான படகுக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஃபர்லரை. காக்பிட்டில் உட்கார்ந்து ஒரு கயிற்றை இழுத்தால் முன்பாய் தன் கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். பெரும்பாயைக் குறைக்கும் கயிறுகளும் காக்பிட்டுக்கே வருகின்றன. கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சும் மாறியது. முன்பு ஒரு கை பிடியைச் சுற்ற, மறு கை கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். இப்போது கயிற்றை வின்ச்சே கவ்விக்கொள்வதால் ஒரு கை மிச்சம். தனியாளுக்கு அது எத்தனை பெரிய விஷயம்! திசை பிடிக்க ஆட்டோபைலட் இருக்கிறது. எழுபது வயதுக்காரரும் தனியாகக் கடலுக்குப் போக முடிகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

சிக்கல் ஃபர்லர் மாட்டிக்கொள்ளும்போதுதான். பாதி சுருட்டிய பாய் தொந்தி போட்டுவிடும், படகு காற்றை எதிர்த்து ஏற மறுக்கும். கயிறு ஃபர்லரின் உருளையில் சிக்கிவிட்டால் பாயை முழுதாகச் சுருட்டவும் வழியில்லை. இறக்கிவிடலாம் என்றால், பாய் முழுதாக விரிந்தால்தான் இறங்கும். அதன் ஓரம் ஒரு குழாய்ப் பள்ளத்தில் நுழைந்திருக்கிறது, கொக்கிகள் இல்லை. இறங்க இறங்கப் பள்ளத்திலிருந்து நழுவி, பிடிமானமில்லாமல் காற்றில் அறையும், கடலில் விழும். பழைய பாய் இறங்கினாலும் கொக்கிகளோடு கம்பியிலேயே நிற்கும்.

அதனால் நெடுந்தூரம் போகிற தனியாட்கள் பலர் ஃபர்லருக்குப் பின்னால், பாய்மரத்துக்கு நெருக்கமாக, இன்னொரு கம்பியைக் கட்டுகிறார்கள். கரையை விடும் முன்பே சின்னப் புயல்பாயை அதில் கொக்கி கொக்கியாக மாட்டி, பையோடு கம்பியின் அடியில் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள்.