பொன் தீர்ந்தது, பழம் தந்தது

நல்லூர்ப் பக்கம் போனால், மதிலுக்கு மேலாகத் தலை நீட்டி நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரங்களைக் காணலாம். நட்டவர் யார், பறிப்பவர் யார் என்று மரம் கேட்பதில்லை. பருவம் வந்தால் காய்க்கிறது.

பொன் அப்படியா, சகோதரிகளே? ஆபத்துக்கு உதவும் என்று சிறுகச் சிறுகச் சேர்க்கிறோம். ஒரே நாளில் அது கைமாறிப் போய்விடுகிறது. பொன்னை நம்பி எழுந்து, பின்னர் பழத்தால் வாழ்வு பெற்ற ஓர் ஊரின் கதை இது. நம் கதையும் இதனோடு கொஞ்சம் பின்னிக் கிடக்கிறது.

ஆட்டுப்பட்டி நகரமானது

அவுஸ்திரேலியாவில், சிட்னியிலிருந்து தென்மேற்கே சுமார் 370 கிலோமீற்றர் உள்நாட்டில் இருக்கிறது அந்த ஊர். பெயர் யங். ஆடுகள் குட்டி ஈனும் வெளி என்பதால் முன்பு லாம்பிங் பிளாட் என்று அழைத்தார்கள். 1860 இல் அங்கே தங்கம் தென்பட்டது. சில மாதங்களுக்குள் ஆயிரமாயிரம் பேர் கூடாரம் அடித்தார்கள். பல நாட்டவரும் வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 2,000 பேர் சீனர்கள்.

பொன் வந்த இடத்தில் பொறாமையும் வந்தது. "எங்கள் பங்கை இவர்கள் அள்ளுகிறார்கள்" என்ற பேச்சு எழுந்தது. 1861 ஜூன் 30 ஆம் திகதி, கொடி பிடித்துக் கொட்டு முழக்கிப் பெருங்கூட்டம் ஒன்று சீனர் குடியிருப்புகள் மேல் பாய்ந்தது. கூடாரங்களைக் கொளுத்தினார்கள். பொருள்களைப் பறித்தார்கள். சீனர்களின் நீண்ட சடைகளை அறுத்து எறிந்தார்கள்.

குளிர்காலம் அது. உயிர் தப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தன் பண்ணையில் இடமும் உணவும் கொடுத்தார் ஜேம்ஸ் ரொபேட்ஸ் என்ற மனிதர். ஊரே விரட்டியபோது ஒருவர் கதவைத் திறந்தார்! ஆனால் சட்டமோ விரட்டியவர்கள் பக்கமே சாய்ந்தது. அதே ஆண்டில் சீனர் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது.

மரம் கற்றுக் கொடுத்த பொறுமை

எளிதில் கிடைத்த தங்கம் சில ஆண்டுகளில் குறைந்தது. கூட்டம் அடுத்த வயலைத் தேடிப் போயிற்று. இப்படிக் கைவிடப்பட்ட எத்தனையோ தங்க ஊர்கள் பாழாயின. யங் பாழாகவில்லை. 1878 அளவில், குரோவேஷியாப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய நிக்கோல் ஜஸ்பிரிசா என்பவர் அங்கே வணிகத்துக்காகச் செர்ரித் தோட்டம் போட்டார். அவரும் வெளியூர்க்காரர்தான் என்பதைக் கவனியுங்கள்.

செர்ரி மரம் நன்றாகக் காய்க்கக் குளிர்காலக் குளிர் தேவை. அந்த மேட்டு நிலம் அதைக் கொடுத்தது. பொன் தோண்டுபவன் இன்று தோண்டி நாளை போய்விடலாம். மரம் நட்டவன் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்கு ஊரில் தங்க வேண்டும். தங்கியவர்களால் ஊர் நிலைத்தது. இன்று அது அவுஸ்திரேலியாவின் செர்ரித் தலைநகர் எனப் பெயர் பெற்றிருக்கிறது. 1949 முதல் அங்கே செர்ரி விழாவும் உண்டு. சீனர் நினைவாக ஒரு தோட்டமும் அமைத்திருக்கிறார்கள். அன்று தூக்கிய கொடி ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்த தவறை ஊர் மறைக்கவில்லை.

நமக்கு மகிழ்ச்சி தரும் இன்னொரு செய்தி: வேலை தேடியும் அமைதி தேடியும் சிட்னியிலிருந்து போன லெபனான் வழி முஸ்லிம் குடும்பங்கள் பல இன்று அங்கே வாழ்கின்றன. பள்ளிவாசலும் இருக்கிறது.

மரம் நடாத ஊர்

நமக்கு அருகே கோலார் தங்கவயலைப் பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. ஆழம் மூன்று கிலோமீற்றரைத் தாண்டியது. 2001 பெப்ரவரி 28 இல் அது மூடப்பட்டது. அதற்கு ஈடாக ஊருக்குள் வேறொரு பிழைப்பு வளரவில்லை. விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கைதான் பலருக்கு வாய்த்தது. மாம்பழத்துக்குப் பெயர் போன சீனிவாசபுரம் அதே கோலார் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

நம் முற்றத்து மரம்

முன்னோர்கள் ஒரு காலத்தில் நல்லூரில் குடியிருந்தார்கள் என்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பின்னர் சோனகத் தெரு அவர்களின் ஊராயிற்று. 1990 அக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் அவர்களுக்கு உத்தரவிட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்கூடக் கழற்றி வாங்கப்பட்டது. பெரும்பாலோர் புத்தளத்தில் அகதி முகாம்களில் வாழ்வைத் தொடங்கினார்கள். 2009 இல் போர் முடிந்த பின் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். எல்லோருக்கும் அது கைகூடவில்லை.

லாம்பிங் பிளாட்டில் நடந்ததைப் படிக்கும்போது நம் நெஞ்சு ஏன் பதறுகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

எந்த மண்ணும் ஓர் இனத்துக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்டதல்ல. வந்தவரை விரட்டிய நாளில் யங் சிறுமைப்பட்டது. வந்தவர் நட்ட மரத்தைப் பேணிய நாளில் பெருமை பெற்றது.

மரம் நடுவதைத் தர்மமாக எண்ணும் சமுதாயம் நாம். திரும்பி வந்த வீட்டிலோ, புத்தளத்தில் நிலைத்துவிட்ட வீட்டிலோ, முற்றத்தில் ஓர் ஒட்டு மாங்கன்று வையுங்கள். காய்க்கும் நாளில் முதல் பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் யாராக இருந்தாலும் சரி.