ஐந்தாண்டு என்னும் அளவுகோல்

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவி ஒருவர், கையில் மருத்துவ அறிக்கைகளுடன் சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய வலது தொடையில் வலியில்லாத வீக்கம் ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. ரத்தநாளக் கோளாறு என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறோரிடத்தில் செய்த திசுப் பரிசோதனையில்தான் நோயின் பெயர் தெரிந்தது: அல்வியோலார் சாஃப்ட் பார்ட் சார்கோமா.

"சார், ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் 60 சதவீதம் என்று படித்தேன். அப்படியென்றால் எனக்கு என்ன பொருள்? நீங்கள்தானே புள்ளியியல் நடத்தினீர்கள்?" என்றார். அன்று என்னிடம் விடை இல்லை.

தசை, கொழுப்பு, ரத்தநாளம் போன்ற மென்திசுக்களில் தோன்றும் புற்றுநோய்கள், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 சதவீதமே. அந்த 1 சதவீதத்திலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானது இந்த நோய். 1952-இல்தான் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் 15 முதல் 35 வயது வரையிலானவர்களைப் பீடிக்கிறது. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் தவறாக ஒட்டிக்கொள்வதே இதன் மூலம். இது பரம்பரையாக வருவதன்று.

இக்கட்டியில் ரத்தநாளங்கள் மிகுதி. ரத்தநாளக் கோளாறு என மயங்க நேர்வது அதனால்தான். நோய் பரவும் வழியும் அதுவே. தொடையிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து நுரையீரலுக்குச் செல்கிறது. கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் அங்குள்ள நுண்குழாய்களில் முதலில் சிக்கிக்கொள்கின்றன. மார்பகப் புற்றுநோயில் அக்குளில் நெறி கட்டுவதுபோல் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது இதில் அரிது. ஆனால் எலும்புக்கும் மூளைக்கும் பரவக்கூடும். மற்ற சார்கோமாக்களைவிட இது மூளைக்குச் செல்வது அதிகம்.

அந்த 60 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 1989-இல் வெளியிட்ட ஆய்வு அது. நோய் கண்டறியப்பட்டபோது பரவல் இல்லாதிருந்தவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 60 சதவீதம். பத்தாண்டு கடந்தவர்கள் 38. இருபதாண்டு கடந்தவர்கள் 15. பல புற்றுநோய்களில் ஐந்தாண்டைத் தாண்டினால் ஏறத்தாழ கரையேறிவிட்டதாகக் கொள்வர். இந்நோயிலோ பத்தாண்டு கழித்தும் நுரையீரலில் புள்ளிகள் தோன்றுகின்றன. தனிநபர் வருமானம் என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு ஒரு நாட்டை எடை போடாதீர்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

மாணவியின் நுரையீரலில் மூன்று சிறு புள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே அந்த 60 சதவீதம் அவருக்கு உரியதே அன்று. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன், பிறகு சொன்னேன். உடன் மற்றொன்றையும் சொன்னேன். இந்நோய் மெதுவாக வளர்வது. நுரையீரலுக்குப் பரவிய பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு.

உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்று உறையில் மீசோதீலியோமா என்னும் வேறொரு அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. நோயாளிகளில் பாதிப்பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுவர் என்று நூல்கள் கூறின. மறு பாதிப்பேர் எவ்வளவு காலம் வாழ்ந்தனர் என்று கேட்டார் அவர். அதன்பின் இருபதாண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதையும் மாணவியிடம் மறைக்கவில்லை.

பழைய கணக்கு பழைய சிகிச்சையின் கணக்கு என்பதும் உண்மை. வழக்கமான கீமோதெரபி இந்நோயில் பெரிதாகப் பயன் தருவதில்லை; அறுவை சிகிச்சையே முதன்மை. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் அடெசோலிசுமேப் என்ற மருந்துக்கு 2022 டிசம்பரில் அமெரிக்கா இந்நோய்க்காக ஒப்புதல் அளித்தது. 49 பேரிடம் நடந்த சோதனையில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை என்பது வேறு கதை.

ஆழத்தில் இருக்கும் கட்டியோ, 5 சென்டிமீட்டரை மிஞ்சிய கட்டியோ வலிக்காவிட்டாலும், எம்ஆர்ஐ ஸ்கேனும் ஊசிவழித் திசுப் பரிசோதனையும் செய்யாமல் அதில் கத்தி வைக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.

மாணவிக்குத் தொடைக் கட்டி அகற்றப்பட்டது. நுரையீரல் புள்ளிகள் மூன்றும் வளராமல் இருக்கின்றன. அடுத்த ஸ்கேன் தை மாதம். மூளைக்கும் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.