முதியோருக்குச் சமதளம் மட்டும் போதுமா?

முதியோர் நடக்கும் தரை மேடுபள்ளமின்றி இருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மைதான் என்பேன். நாம் தடுமாறாமல் நடக்கக் கண், உட்செவி, பாதம் மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. வயது ஏற ஏறப் பாதத்தின் உணர்திறன் குறைகிறது. என்றும் சமதளத்திலேயே நடந்தால் கணுக்காலுக்குச் சாய்வைச் சமாளிக்கும் பயிற்சி கிடைப்பதில்லை.

சீனப் பூங்காக்களின் கூழாங்கல் பாதைகளை முன்மாதிரியாகக் கொண்டு, அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வு நிறுவனம் 60 வயதைக் கடந்த 108 பேரிடம் 16 வாரங்கள் ஆய்வு நடத்தியது; முடிவு 2005இல் வெளியானது. வழக்கமான நடைப்பயிற்சி செய்தோரைவிட, கூழாங்கல் விரிப்பில் நடந்தோரின் உடல் சமநிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது. ரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. (பாத உணர்வை இழந்த நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் இதை முயலக் கூடாது.)

நம் பூங்காக்களிலும் எட்டு வடிவக் கூழாங்கல் பாதைகள் வந்துவிட்டன, மகிழ்ச்சி. அங்கே மேடுபள்ளம் தெரிந்தே எதிர்கொள்வது. தெருவிலோ, பெயர்ந்த கல்லும் உடைந்த வடிகால் மூடியும் எதிர்பாராமல் இடறுகின்றன. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல். எங்கள் பகுதியிலோ முழங்கால் உயர நடைபாதையில் ஏற இயலாத மூதாட்டிகள், பூங்காவுக்குச் செல்லப் பேருந்துகளுக்கு இடையே சாலையில் நடக்கிறார்கள். அடுத்த கூழாங்கல் பாதைக்கு நிதி ஒதுக்குமுன் உள்ளாட்சிகள் இதைச் சீரமைக்கட்டும்.