எண்ணெய் அமுக்க உணரியின் பழுதை அறிதல்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் வண்டியில், எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு திடீரென ஒளிர்கின்றது. இதன் பொருள் இரண்டில் ஒன்றாகும். எஞ்சினில் மசகெண்ணெயின் அமுக்கம் உண்மையிலேயே வீழ்ந்திருக்கலாம். அன்றேல், அமுக்கத்தை அறிவிக்கும் உணரி பழுதுற்றிருக்கலாம். முன்னையது எஞ்சினையே அழிக்கவல்லது; பின்னையது சிறு உறுப்பொன்றை மாற்றுவதுடன் தீர்வது. விளக்கோ இரண்டுக்கும் ஒரே விதமாகவே ஒளிரும். இவற்றை எங்ஙனம் வேறுபடுத்தி அறியலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

உணரியின் தொழிற்பாடு

கிராங்குத் தண்டு தன் தாங்கிகளுள் மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றின் மீதே சுழல்கின்றது. பம்பி அமுக்கத்துடன் எண்ணெயை அனுப்பாவிடின் இப்படலம் அழிந்து, உலோகத்தோடு உலோகம் உராயும். சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடவும் கூடும்.

எளிய வகை உணரி உண்மையில் ஓர் ஆளியே. அதனுள் மென்தகடும் வில்லும் ஒரு சோடித் தொடுகைகளும் உள்ளன. எண்ணெயின் அமுக்கம் இல்லாதபோது தொடுகைகள் சேர்ந்திருக்கும். விளக்கின் மின்சுற்று எஞ்சினின் உடல் வழியே பூர்த்தியாகும். அமுக்கம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 4 தொடக்கம் 7 இறாத்தல் வரை உயர்ந்ததும் மென்தகடு தள்ளப்பட்டுத் தொடுகைகள் பிரியும், விளக்கு அணையும்.

சோதனைகள்

விளக்கு ஒளிர்ந்தவுடன் எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்திச் சில நிமிடங்களின் பின் எண்ணெய் மட்டத்தைக் கோலினாற் பார்த்தல் முதற் படியாகும்.

அடுத்து, எஞ்சினை இயக்காது திறப்பை மட்டும் திருப்பி, உணரியின் கம்பியைக் கழற்றுவோம். விளக்கு அணையாவிடின், கம்பி எங்கோ தோலுரிந்து வண்டியின் உடலைத் தொடுகின்றது எனக் கொள்ளலாம். அணைந்தால் கம்பி நன்று. ஆயின், எஞ்சின் ஓடும்போது இதே சோதனையைச் செய்து, "கம்பியைக் கழற்ற விளக்கு அணைந்தது, ஆகவே உணரிதான் பழுது" என முடிவுகட்டுவோர் பலர். இது பெருந்தவறு. அமுக்கம் உண்மையில் இல்லாதபோதும் கம்பியைக் கழற்றினால் விளக்கு அணையவே செய்யும். இச்சோதனை கம்பியைப் பற்றிக் கூறுமேயன்றி, அமுக்கத்தைப் பற்றி எதுவும் கூறாது.

ஐயத்தைத் தீர்ப்பது ஒன்றே. உணரியைக் கழற்றி, அவ்விடத்திற் பொறிமுறை அமுக்கமானியொன்றைப் பூட்டி, எஞ்சினைச் சூடேறவிட்டு வாசிப்புகளைப் பெறுதல் வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றல்களுக்கு ஏறத்தாழ 10 இறாத்தல் என்பது நெடுங்கால வழக்கிலுள்ள பொது அளவு. எனினும் அவ்வண்டியின் கைந்நூல் கூறும் பெறுமானமே முடிவானது. மானி சரியான அமுக்கத்தைக் காட்ட, விளக்கு மட்டும் ஒளிர்ந்திருந்தால் உணரியை மாற்றலாம். மானியும் குறைவாகக் காட்டின் உணரி உண்மையே உரைத்தது. பம்பி, அடைபட்ட வடி, தணிப்பு வால்வு, தேய்ந்த தாங்கிகள் ஆகியவற்றையே ஆராய்தல் வேண்டும்.

மூன்று கம்பி உணரி

பிற்கால வண்டிகள் பலவற்றில் 5 உவோற்றில் இயங்கும் மூன்று கம்பி உணரிகள் உள்ளன. இவற்றுட் பல, அமுக்கம் சூனியமாயிருக்கையில் 0.5 உவோற்றையும் உச்ச அமுக்கத்தில் 4.5 உவோற்றையும் தருவன. சூனிய அமுக்கத்துக்குச் சூனிய உவோற்று ஏன் வைக்கப்படவில்லை? "அமுக்கம் இல்லை" எனக் கூறும் உணரியையும், கம்பி அறுந்து எதுவுமே கூறாதிருக்கும் உணரியையும் வேறுபடுத்துவதற்கேயாம்.

எதிர்மாறான பழுதொன்றும் உண்டு. திறப்பைத் திருப்பும்போதே விளக்கு ஒளிராவிடின், மின்குமிழோ கம்பியோ ஆளியோ கெட்டிருத்தல் கூடும். வீணே ஒளிரும் விளக்கு பணத்தையே விரயமாக்கும். ஒளிரவேண்டிய வேளையில் மௌனமாயிருக்கும் விளக்கோ எஞ்சினையே பலிகொள்ளும். எனவே ஒவ்வொரு முறை திறப்பைத் திருப்பும்போதும் அவ்விளக்கு ஒளிர்ந்து அணைவதைக் கவனித்தல் சாரதியின் கடமையாகும். கருவி கூறுவதை அளந்து பாராது நம்புதலும் தவறு; அளந்து பாராது மறுத்தலும் தவறு.