அணிலும் சக்கிமுக்கித் துவக்கும்

தென்னங்குரும்பையை மரஅணில் கொறித்து வீழ்த்தக் காணுங் கமக்காரர் முதலில் நினைப்பது துவக்கையே. ஏறக்குறைய 275 ஆண்டுகளுக்கு முன்னர் வட அமெரிக்கக் கமக்காரரும் அவ்வாறே நினைத்தனர். அவர்களிடம் சிறந்த துவக்கு இருந்தது. குறிபார்க்குந் திறமையும் இருந்தது. அரசும் பணங்கொடுத்து ஊக்கியது. அம்முயற்சியால் விளைந்தது யாது என்பதை இலங்கைக் கமக்காரர் அறிதல் பயனுடையது.

காட்டினிடையே சோளச்செய்கை

பென்சில்வேனியா, ஒகாயோ ஆகிய பகுதிகளிற் குடியேறியோர் காட்டை வெட்டிச் சோளம் பயிரிட்டனர். சுற்றிலும் ஓக்கு, இக்கரி ஆகிய மரங்கள் அடர்ந்திருந்தன. அவற்றின் கொட்டைகளை உண்டு பெருகிய சாம்பல் அணில்கள் வயலுள் இறங்கின. விதைத்த மணியைத் தோண்டின. பால்பிடித்த கதிரைக் கடித்தன. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய உணவை அவ்வயலிலேயே நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது பெருங்கேடாயிற்று.

துவக்கின் அமைப்பு

அக்காலத்துத் துவக்கு, இந்நாட்டின் இடியன் துவக்கைப்போல வாய்வழியே நிரப்பப்படுவது. முதலில் வெடிமருந்தை அளந்து இடுவர். பின்னர் எண்ணெய் அல்லது கொழுப்புத் தடவிய துணித்துண்டிற் பொதிந்த ஈயக்குண்டை இடிகோலாற் செலுத்துவர். விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக்கல் உருக்குத் தகட்டில் உரைந்து தீப்பொறி சிந்தும். பக்கத்துச் சிறு கிண்ணத்திலுள்ள நுண்மருந்து அப்பொறியாற் பற்றி, துளைவழியே உள்மருந்தைக் கொளுத்தும். மருந்து ஈரமாயின் துவக்கு வெடிக்காது. ஆகவே ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும்.

பென்சில்வேனியாவிற் குடியேறிய செருமானியக் கொல்லர், குழலை நீட்டி உட்புறத்திற் சுருள்வரி வெட்டிக் குறி தவறாத துவக்குகளைச் செய்தனர். அணில் வேட்டைக்குச் சிறுகுழலே ஏற்றது. அதற்குரிய குண்டு ஏறத்தாழ மூன்று கிராம் நிறையுடையது. அணிலின் உடலிற் சுடாது, அது பற்றிய மரப்பட்டையிற் சுட்டு அதிர்ச்சியால் வீழ்த்தும் முறையைப் பறவை ஓவியரான ஓடுபன் விவரித்துள்ளார்.

தலைக்கு மூன்று பென்சு

1749ஆம் ஆண்டு பென்சில்வேனியா ஆட்சியினர் ஓர் அணிலின் தலைக்கு மூன்று பென்சு வழங்கினர். ஓராண்டிற் செலவான தொகை 8,000 பவுண் எனச் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் பேர் கால்ம் எழுதினார். அது 6,40,000 அணில்களுக்குரிய பணமாகும். இளைஞர் பலர் ஏனைய வேலைகளைக் கைவிட்டுக் காட்டுக்குச் சென்றனர் என்றும், திறைசேரி தளர்ந்தமையாற் கொடுப்பனவு பாதியாக்கப்பட்டது என்றும் அவர் குறித்துள்ளார்.

1807ஆம் ஆண்டு ஒகாயோ அரசு, வரியிறுப்போர் ஒவ்வொருவரும் குறித்த தொகை அணிற்றோல்களை ஒப்படைக்கவேண்டுமெனச் சட்டஞ் செய்தது. குறைந்தால் தண்டம், மிகுந்தால் வெகுமதி. ஆயின் அடுத்துவந்த கடுங்குளிரே அணில்களைப் பெரிதும் அழித்தது. அவ்வழிவும் நிலைக்கவில்லை. 1822ஆம் ஆண்டு அதே ஒகாயோவின் பிராங்கிளின் பகுதியிற் பெருவேட்டை நடத்தவேண்டியதாயிற்று. 19,660 அணிற்றோல்கள் கொண்டுவரப்பட்டன.

தொகையை ஆள்வது உணவு

சுட்டும் அணில் குறையாமைக்குக் காரணம் யாது? சாம்பல் அணில் ஆண்டில் இருமுறை குட்டியீனும். கொட்டை மிகுந்த ஆண்டிற் குட்டிகள் மிகுதியாகப் பிழைக்கும். கொட்டை பொய்த்த ஆண்டில் அவை உணவு தேடிப் பரவும். 1967ஆம் ஆண்டு கிழக்கு அமெரிக்காவிற் கொட்டை நன்கு விளைந்தது. 1968இற் பல இடங்களிற் பொய்த்தது. அவ்வாண்டு செத்தெம்பரில் அணில்கள் திரள்திரளாக இடம்பெயர்ந்தன. உணவும் உறைவிடமும் இருக்கும்வரை, சுட்டு வீழ்த்திய அணிலின் இடத்தை மற்றோர் அணில் நிரப்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டு, வேட்டையுந் தொடர்ந்தபோதே அவற்றின் தொகை மிகக் குறைந்தது. பின்னர் அவற்றைக் காக்க வேட்டைக்குப் பருவமும் அளவும் விதிக்கப்பட்டன. இன்று பென்சில்வேனியாவில் அணில் வேட்டை அவ்விதிகளுக்கு உட்பட்டது. பழைய துவக்கை விரும்புவோர் மரபுகருதி அதனை ஏந்துகின்றனர்.

கமக்காரர் செய்யத்தக்கவை

இலங்கையில் 2025ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் திகதி காலை 8 மணிக்கு, ஐந்து நிமிட நேரம், பயிருக்கு ஊறு செய்யும் விலங்குகள் நாடெங்கும் எண்ணப்பட்டன. குரங்கு, மயில் முதலியவற்றோடு மரஅணிலும் அக்கணக்கிற் சேர்ந்தது. எண்ணியபின் செய்யவேண்டியவை வருமாறு:

1. தென்னையோடு தொடும் அயல்மரக் கிளைகளை வெட்டுக. ஓலையும் கிளையும் ஒன்றையொன்று தொடாதவிடத்தே தண்டிற் கட்டிய தகரம் பயன்தரும்.

2. முற்றிய காய்கனிகளைக் காலந்தாழ்த்தாது பறிக்க. உதிர்ந்தவற்றை அகற்றுக.

3. மரஅணில் பகலில் இரைதேடுவது. ஆதலின் காலையிலும் மாலையிலும் காவல் செய்க. அயற் காணியினரும் ஒருங்கே செய்தல் வேண்டும். ஒருவர் துரத்தியது மற்றவர் தோட்டத்திற் புகும்.

4. எவ்விலங்கையுஞ் சுட எண்ணுமுன், சட்டம் அதற்கு இடந்தருகின்றதா என வனசீவராசிகள் திணைக்கள அலுவலரிடங் கேட்டறிக. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம்.

5. கட்டுத்துவக்கு ஒருபோதும் வைக்கற்க. அஃது அணிலையும் அயலவரின் பிள்ளையையும் வேறுபடுத்தி அறியாது.

6. எம்மாதத்தில், எப்பயிரில், எத்துணைச் சேதம் என்பதைக் குறித்துவைத்து, விவசாயப் போதனாசிரியரிடங் காட்டி ஆலோசனை பெறுக.