எண் மாறினால் விலை மாறும்

அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரைத் தலைகீழாகத் திருப்பினால், ஒரே வரிசை எண் மூன்று இடங்களில் தெரியும்: உடற்சட்டத்தின் அடியில், விசையைச் சுற்றிய வளையத்தின் பக்கம், கைப்பிடியின் கீழ்முனையில். ராணுவத்துக்குப் போனவற்றில் குழலிலும், தோட்டாக்களைத் தாங்கும் சிலிண்டரிலும்கூட அதே எண் இருக்கும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் இவற்றைத்தான் ஒப்பிடுவார்கள். ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் பேரம் வேறு திசைக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் பழந்துப்பாக்கிகளுக்குத் தரவரிசை ஒன்றை வகுத்திருக்கிறது. அதில் ‘மிக நன்று’ என்று பெயர் வாங்க, மேற்பூச்சு முழுக்கப் போயிருந்தாலும் பரவாயில்லை. பாகங்கள் மட்டும் எல்லாமே அசலாக இருக்க வேண்டும். சின்னப் பாகங்கள் மாறியிருந்தால் ‘நன்று’. பெரிய பாகங்கள் மாறியிருந்தால் ‘சுமார்’. வயசானால் தேயத்தான் செய்யும் என்று சேகரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். மாற்றான் பாகத்தைத்தான் பொறுப்பதில்லை.

எல்லா மாற்றமும் ஒரே எடையல்ல. உள்ளே இருக்கும் வில் உடையக்கூடியது. மாற்றியதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. விவரம் தெரிந்தவர் உடைந்த வில்லையும் ஒரு பொட்டலத்தில் போட்டுத் துப்பாக்கியோடே வைத்திருப்பார். கைப்பிடி மரம் அப்படியல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தயாரித்த பழைய ரிவால்வர்கள் பலவற்றில் வலப்பக்க மரத்துண்டின் உட்புறத்தில் துப்பாக்கியின் எண்ணையே எழுதியோ பொறித்தோ வைத்திருப்பார்கள். அழகுக்காக முத்துச்சிப்பியில் கைப்பிடி போட்டுக்கொண்டு பழைய மரத்தைத் தூக்கியெறிந்த ஒருவர், அந்த எண்ணையும் சேர்த்துத்தான் எறிந்திருக்கிறார்.

இந்தக் கணக்கை அமெரிக்க ராணுவமே ஒருமுறை குழப்பியது. குதிரைப் படைக்கென வாங்கிய கோல்ட்களின் குழல் ஏழரை அங்குலம். 1895-இல் தொடங்கி 1903 வரை அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றைத் திரும்ப வரவழைத்து, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டிச் செப்பனிட்டார்கள். நடுவில் பிலிப்பீன்ஸ் போர் வேறு. புதிதாக வந்திருந்த .38 ரிவால்வரின் குண்டு எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்று புகார் கிளம்பவே, பழைய .45-க்கு மறுபடி மவுசு வந்தது. செப்பனிடும்போது எண்ணைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? பிரித்துப் போட்டதில் கைக்கு எது வந்ததோ அதைப் பூட்டி அனுப்பினார்கள்.

‘ஆர்ட்டிலரி மாடல்’ என்று இன்று அழைக்கப்படும் அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் எண்கள் கலந்தே கிடக்கும். அதற்காக விலை அடிபடுவதில்லை. ராணுவத்துக்காக நடந்த செப்பனிடலுக்கு அதுவே சாட்சி. பாகம் மாறியதா என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, எப்போது, யார் கையால் மாறியது என்ற கேள்வியும் வருவது இதனால்தான்.

ஆசை தலைதூக்குவதும் இங்கேதான். வெட்டுப்படாத நீளக்குழல் ‘கேவல்ரி மாடல்’ இதைவிடப் பல மடங்கு விலை போகும். எனவே வெட்டுப்பட்ட துப்பாக்கிக்கு வேறொரு நீளக் குழலைப் பூட்டி, எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புது எண் அடிக்கும் வேலையும் நடக்கிறது. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரின் ஏழாம் குதிரைப் படை ஏந்திய துப்பாக்கிகளின் காலத்தைச் சேர்ந்தது, அதில் ஐன்ஸ்வர்த் என்ற பரிசோதகரின் முதலெழுத்துகளும் இருக்கின்றன என்றால் கேட்கவே வேண்டாம். உருப்பெருக்கியில் பார்த்தால் ராவிய இடம் லேசாகக் குழிந்திருக்கும். இலக்கங்களின் வடிவமும் பக்கத்துப் பாகத்தில் இருப்பதோடு ஒட்டாது. கோல்ட் நிறுவனத்தின் ஆவணக்காப்பகம் பணம் வாங்கிக்கொண்டு கடிதம் தரும். எந்தத் தேதியில், எத்தனை அங்குலக் குழலோடு துப்பாக்கி வெளியே போனது என்பது அதில் இருக்கும். போன பிறகு அது பட்ட பாட்டை அந்தக் கடிதம் சொல்லாது.

திரும்ப முடியாத மாற்றங்களும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி மார்க் 6, .455 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. உபரிச் சரக்காக அமெரிக்காவுக்குப் போனபோது அந்தத் தோட்டா அங்கே எளிதில் கிடைக்கவில்லை. சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைந்து, .45 தானியங்கிக் கைத்துப்பாக்கியின் தோட்டா பொருந்தும்படி செய்துவிட்டார்கள். அன்றைக்கு அது வசதி. இன்றைக்கு, கடையப்படாத வெப்லிக்குத்தான் கூடுதல் விலை. கடைந்த இரும்பை ஒட்டவைக்க முடியாது. வேறொரு வெப்லியின் சிலிண்டரைத் தேடி வாங்கிப் போடலாம். அதில் அந்த இன்னொரு வெப்லியின் எண்தான் இருக்கும்.