அமுக்கக் குழுக்களும் இணையச் செய்தியும்: அமெரிக்கக் குடியாட்சி பற்றிய ஒரு நோக்கு

மக்கள் தாமே தம்மை ஆளும் நாடுகளிலெல்லாம் கன்னை பிரிதல் உண்டு. அதனைக் கேடென உணர்ந்தும் ஒழிக்க முற்படாத நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டின் அரசியல் யாப்பு மக்களின் ஒப்புதலை வேண்டி நின்ற 1787 ஆம் ஆண்டில், ஜேம்ஸ் மடிசன் நியூ யோர்க் பத்திரிகையொன்றில் இப்பொருளை ஆராய்ந்தார். கன்னைகளை ஒழிப்பதாயின் சுதந்திரத்தையும் ஒழித்தல் வேண்டும். ஆதலின் பரந்த நாட்டில் அவற்றைப் பலவாகப் பெருகவிட்டு, ஒன்றை மற்றொன்று தடுக்கச் செய்வதே தக்கது என்பது அவர் கொள்கை. 1791 இல் யாப்பிற் சேர்ந்த முதலாந் திருத்தம், கூட்டங் கூடவும் அரசிடம் முறையிடவும் மக்களுக்குள்ள உரிமையை உறுதி செய்தது. இன்று வாஷிங்டனில் சட்டமியற்றுவோரின் வாயில்களில் நடமாடும் தரகர்களும் தம் தொழிலுக்கு இவ்வுரிமையையே அரணாகக் காட்டுவர்.

அமுக்கக் குழுவாவது, தான் ஆட்சியைக் கைப்பற்ற முயலாது, ஆள்வோரைத் தன் கருத்துக்கு இணங்கச் செய்ய முயலும் கூட்டம். 1893 இல் ஒகாயோ மாநிலத்தில் தோன்றிய மதுச்சாலை எதிர்ப்புச் சங்கம் இதற்குச் சிறந்த சான்றாகும். வேட்பாளர் எக்கட்சியினர் என்பதை அச்சங்கம் நோக்கவில்லை. மதுவிலக்கை ஆதரிப்பாரா என்ற ஒன்றையே நோக்கியது. தனக்கென அச்சகம் நிறுவி நாடெங்கும் தாள்களைப் பரப்பியது. 1919 இல் மதுவிலக்கு யாப்பின் பதினெட்டாந் திருத்தமாயிற்று. 1933 இல் அது நீக்கப்பட்டதெனினும், ஒரே நோக்கமுடைய சிறு கூட்டம் பெரிய நாடொன்றின் யாப்பையே மாற்றவல்லது என்பது புலனாயிற்று.

எல்லோராலும் இங்ஙனம் ஒன்றுகூட இயலுமோ? பொருளியலறிஞர் மன்சர் ஒல்சன் 1965 இல் வெளியிட்ட நூலில் இயலாதென்று காட்டினார். பெருநயம் பெறக்கூடிய ஒரு சிலர் எளிதில் ஒன்றுகூடுவர். தலைக்கு ஒரு காசு வீதம் இழக்கும் பல கோடி மக்களோ, பிறர் முயலட்டும் என்று வாளாவிருப்பர். தரகர்களைப் பதிவு செய்யுஞ் சட்டம் 1946 இல் இயற்றப்பெற்று, 1995 இல் வலுவூட்டப்பெற்றது. 2023 இல் இத்தொழிலிற் செலவான பணம், பதிவான கணக்கின்படியே, 400 கோடி டொலருக்கு மேற்பட்டது. இச்சட்டத்தில் ஒரு பெருந்துளையுண்டு. சட்டமியற்றுவோரை நேரே அணுகும் செலவையே அது கேட்கின்றது. பொதுமக்களைத் தூண்டி அவர்கள் வாயிலாக அமுக்குவதற்காகும் செலவை அது கேட்பதில்லை.

இணையம் வந்தபோது, ஒல்சன் கூறிய தடை நீங்கிற்று என்று பலர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சிக்குக் காரணமும் இருந்தது. திரைப்பட, இசைத்தட்டுத் தொழிலாளர்களின் முதலாளிமார் ஆதரித்த பதிப்புரிமைச் சட்டமூலங்கள் இரண்டு 2011 இற் காங்கிரசின் இரு சபைகளிலும் கொணரப்பட்டன. அவை கருத்துச் சுதந்திரத்தைக் குலைக்குமென அஞ்சி, 2012 சனவரி 18 ஆம் நாள் ஆங்கில விக்கிப்பீடியா தன் பக்கங்களை ஒரு நாள் முழுதும் மூடிவைத்தது. கூகிள் நிறுவனம் முன்வைத்த விண்ணப்பத்திற் சுமார் 70 இலட்சம் பேர் ஒப்பமிட்டனர். இரு நாட்களில் வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. மூலங்கள் பின் எழவேயில்லை. மக்கள் பக்கம் நின்ற கூகிளுக்கும் இதிற் சொந்த நயமிருந்தது என்பதை மறத்தலாகாது. ஒரு தொழிலை மற்றொரு தொழில் தடுத்தது. மடிசன் கண்டிருப்பின் வியந்திரார்.

ஐந்தாண்டின் பின் நிகழ்ந்தது வேறுவகையானது. இணையச் சேவையாளர் எல்லாச் செய்திகளையும் வேறுபாடின்றிக் கொண்டுசெல்லல் வேண்டும் என்ற விதிகளை நீக்குவது பற்றி, கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 2017 இற் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 2 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்துக்கள் குவிந்தன. நியூ யோர்க் மாநிலச் சட்டமா அதிபர் 2021 இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் போலியென்றது. 85 இலட்சம் வரையில் இணையச் சேவைத் தொழிலின் பணத்தால் எழுந்தவை. அவற்றிற் பெயர் காணப்பட்ட பலர் அதற்கு இசைந்தவரல்லர். எதிர்ப்பக்கத்தில், 77 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைப் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவனொருவன் கற்பனைப் பெயர்களிற் பொறிகொண்டு அனுப்பியிருந்தான். முன்னர் ஒன்றுகூடல் அரிதாயிருந்தது. இப்பொழுதோ கூடியது போலக் காட்டுதலே எளிதாயிற்று.

இவற்றைப் பகுத்தறிந்து உரைக்கக் கடமைப்பட்ட செய்தியாளர் தொகை குறைந்து வருதல் இன்னொரு கேடு. டென்வர் நகரில் ஏறத்தாழ 150 ஆண்டு நடந்த ரொக்கி மவுண்டன் நியூஸ் 2009 இல் நின்றது. விளம்பர வருவாய் இணையத்துக்குப் பெயர்ந்தமையே இத்தகைய நாளிதழ்கள் பலவற்றின் நலிவுக்குப் பெருங்காரணம். தலைநகர்ச் சண்டைகளை நொடிக்கு நொடி அறியும் வாசகன், தன்னூர் நகரசபையில் நடப்பதை அறியாதவனாகின்றான்.

இதனால் மக்கள் வாக்களிப்பை வெறுத்தனர் எனல் பொருந்தாது. 2014 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோர் வீதம் 1942 இன் பின் மிகத் தாழ்ந்திருந்தது. 2020 இலோ 1900 இன் பின் காணாத அளவுக்கு உயர்ந்தது. இருமுறையும் இணையம் இருந்தது.

மேற்சொன்ன விதிகள் 2017 திசெம்பரில், ஆணைக்குழு உறுப்பினர் ஐவருள் மூவரின் வாக்கால் நீங்கின. 2024 இல் மீண்டும் ஏற்படுத்தப்பட்டு, 2025 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றால் மறுபடியும் நீக்கப்பட்டன.